கிட்டங்கியில் ஓடிய கரண்ட் தோணி

"மச்சான், மோட்டர் சுத்துது. ஆனா தோணி போகுதில்ல. நீ ஒருக்கா வந்து பாரு."

தோகாவில் என்னோடு ஒரே அறையில் நான்கு வருடம் இருந்த நசீர், கல்முனையிலிருந்து தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவனைக் கடல் தாண்டிக் கூப்பிட இது போதுமா என்று என் மனைவி கேட்டாள். அவன் மகளுக்குக் கல்யாணம், அதற்கும் சேர்த்துத்தான் என்றேன். "அப்ப கல்யாணத்துக்குப் போறேன்னு வெளிய சொல்லுங்க. மோட்டார் பாக்கப் போறேன்னு சொன்னா சிரிப்பாங்க" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாரிக்காலம். கொழும்பிலிருந்து கிளம்பிய பஸ் அம்பாறையைத் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் வந்தது. அதற்குப் பிறகு மழை. கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு மோட்டார் இல்லை. அதன் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒரு முனையை டிரைவர் வைத்துக்கொண்டார். மறுமுனையை நடத்துநர் முன்சீட்டில் இருந்த என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். டிரைவர் இழுக்க, நான் இழுக்க, வைப்பர் அங்கும் இங்கும் போனது. சோதனைச்சாவடிகளில் எல்லாரும் இறங்கி நடந்து ஏறினோம். ஏறியதும் கயிறு மீண்டும் என் கைக்கு வந்தது. கல்முனையில் இறங்கும்போது தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. "நல்லா இழுத்தீங்க" என்று டிரைவர் சிங்களத்தில் சொன்னதாகப் பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்.

நசீர் குடையோடு நின்றான். தோகாவில் ஒல்லியாக இருந்தவன், இப்போது சட்டைப் பொத்தானுக்கு வேலை வைத்திருந்தான். கல்முனைக்குடியில் கடலுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே, வீடும் வீடும் தோள் உரசி நிற்கும் ஒரு ஒழுங்கைக்குள் அவன் வீடு. வாசலில் ஒலிபெருக்கிப் புனல்கள் கவிழ்த்து அடுக்கிக் கிடந்தன. கல்யாணம், கந்தூரி, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பாண்டிருப்புப் பக்கத்துக் கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் மைக்கும் விளக்கும் வாடகைக்குக் கொடுப்பதுதான் அவன் தொழில். அதனால் ஜெனரேட்டர் ஒன்றும், பேட்டரி சார்ஜர் ஒன்றும், வயர் மலைமலையாகவும் அவனிடம் இருந்தன.

"மொதல்ல தேத்தண்ணி குடிங்க அண்ணன். கதைக்கிறதெல்லாம் பிறகு கதைக்கலாம்" என்றார் நசீரின் மனைவி ஃபரீதா. பால் விடாத சாயத் தேநீரும், கூடவே கையால் வெட்டிய கறுத்த தொதல் என்ற இனிப்புத் துண்டுகளும் வந்தன. எங்கள் ஊரில் தேநீரில் பால் இல்லையென்றால் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைப்பார்கள். இங்கே மூன்றாவது கோப்பைக்குப் பிறகு, பால் எதற்கு என்று எனக்கே தோன்றியது.

இரவுச் சாப்பாடு புட்டும் மீனாணமும். குழம்பை அங்கே ஆணம் என்கிறார்கள். சிவப்பரிசிப் புட்டு, தேங்காய்ப்பாலில் மிதந்த கடல்மீன். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து ஃபரீதா, "இவரப் பட்டினி போட்டா வீட்டுல அனுப்பின?" என்று நசீரிடம் கேட்டார்.

மறுநாள் காலை மோட்டாரைக் காட்டினான். எனக்கு அது பழைய அறிமுகம். தோகாவில் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஊருக்குக் கிளம்பும் ஒரு வெள்ளைக்காரரிடம் நசீர் வாங்கியது. தோணியின் பின்பலகையில் இறுக்கிக்கொள்ள ஒரு பிடி, நீளத் தண்டு, தண்டின் நுனியில் தண்ணீருக்குள் இருக்கும் சின்ன மோட்டார், அதில் உள்ளங்கை அகல விசிறி. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுவது. வாங்கிய அன்று, பாலைவனத்தில் இதை எதற்கு வாங்கினாய் என்று அவனிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"எங்கட ஊர்ல தண்ணி இரிக்கி மச்சான்" என்று அப்போது சொன்னான்.

தண்ணீர் இருந்தது உண்மைதான். நற்பிட்டிமுனை தாண்டிக் கிட்டங்கி என்று ஓரிடம். தண்ணீர் குறைவான காலத்தில் ரோடு தாம்போதி என்ற தாழ்பாலத்தின் மேல் போகும். மாரியில் வயல்வெளித் தண்ணீரெல்லாம் அங்கே இறங்கி, தாம்போதியை மூடி, ஒரு கடலைப்போல் அகன்றுவிடும். அக்கரையில் மத்தியமுகாம் பக்கத்து ஊர்கள். பெற்றோலில் ஓடும் படகு என்ஜினுக்குப் போர் நடந்த அந்த நாட்களில் அனுமதி கிடைக்காது. சனங்கள் கம்பு ஊன்றும் தோணியில்தான் போய்வந்தார்கள். வெள்ளம் ஏறினால் நடுவில் கம்பு நிலத்தில் முட்டாது. தோணி நீரோட்டத்தின் இஷ்டத்துக்குப் போகும்.

நசீரின் மகள் ரினோஸாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை றிஸ்வான் அந்த அக்கரைக்காரன். சவூதியில் டிரைவர். லீவில் வந்தவன், கல்யாணம் முடிந்து இரண்டாம் வாரம் விமானம் ஏற வேண்டும். இந்தத் தவணை தவறினால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். எங்கள் ஊரில் பெண் அழுதுகொண்டு பெட்டியோடு கிளம்புவாள். இங்கே பெட்டியைத் தூக்குவது மாப்பிள்ளை. அழுவது மாப்பிள்ளையின் தாய்.

அந்தத் தாய் சல்ஹா. போன மாரியில் அவர் ஏறியிருந்த தோணி நடுவில் பிடி இழந்து, வாவி என்கிற உப்பங்கழிப் பக்கம் அடித்துப்போய், கண்டல் மரங்களுக்குள் சிக்கி, பொழுது சாயும்வரை கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளத்தில் அவர் தோணி ஏறவில்லை. மகனையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சுற்றிப்போகும் ரோடும் அந்த வாரம் உடைந்து கிடந்தது.

"மெஷின் பூட்டின தோணியெண்டா வருவாவாம். கம்புத் தோணியெண்டா தண்ணி வத்தட்டுமாம்" என்றான் நசீர். "தண்ணி வத்த மாசம் போகும். அதுக்குள்ள இவன் சவூதிக்குப் போயிருவான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் விருந்தாளி இல்லை என்று.

அன்று மத்தியானமே எல்லாவற்றையும் ஒரு லேண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனோம். அது கைப்பிடி உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி கட்டிய வண்டி. அதன் குலுக்கலில் பேட்டரி அமிலம் சிந்திவிடும் என்று நான் பேட்டரியை மடியில் வைத்துக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டேன். இறங்கியபோது வேட்டியில் ஓட்டை.

தோணிக்காரர் தம்பிராசா, நற்பிட்டிமுனைக்காரர். வயல் இல்லாத மாதங்களில் தோணி. நசீருக்கும் அவருக்கும் பழக்கம் கோயில் திருவிழா மைக் வழியாக வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் தவிர்த்து நடந்த வருடங்களிலும் இவர்கள் இருவரும் பேசுவதை நிறுத்தவில்லை என்று பிறகு ஃபரீதா சொன்னார். இத்தனைக்கும் அவர்கள் பேச்சில் பாதி சண்டை.

"கரண்டுல தோணி ஓட்ட ஒரு மோட்டர். மோட்டருக்குக் கரண்ட் குடுக்க ஒரு பேட்டரி. பேட்டரிக்குக் கரண்ட் குடுக்க ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் பெற்றோல்" என்று தம்பிராசா என்னிடம் விரல் விட்டுச் சொன்னார். "இதுக்கு அந்தப் பெற்றோல நானே குடிச்சிட்டுக் கம்பு ஊண்டலாம்."

"நீ ஊண்டித்தான் போன வருசம் வாவிக்குப் போன" என்றான் நசீர்.

தம்பிராசாவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பி, "ஓம், அது என்ட தோணிதான்" என்றார். "சல்ஹா உம்மா முழு நேரமும் ஒரு சொல் கதைக்கயில்ல. பேசியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது."

ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் முதலில் உற்சாகமாகத் தண்ணீரைத் தள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் சோர்ந்தது. நசீர் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜர் வயரை நேராக மோட்டாரில் கொடுத்தான். சார்ஜருக்குள் டப் என்று ஒரு சத்தம். பியூஸ் போனது. "ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான்" என்றான்.

நான் வயரைத் தொட்டுப் பார்த்தேன். இடியாப்பச் சட்டிபோல் சுட்டது. ஒலிபெருக்கிக்கு இழுக்கும் மெல்லிய வயர். பாட்டு போக அது போதும். தோணியைத் தள்ளப் போதாது. பாதி மின்சாரம் வயரைச் சுடவைப்பதிலேயே போய்விட்டது. பேட்டரியும் பழசு. அதன் அறைகளில் ஒன்று செத்திருந்தது.

வீட்டுக்கு வந்து, விறாந்தையில் உட்கார்ந்து எல்லாருக்குமாகச் சொன்னேன். மோட்டார் முழு வேகத்தில் முப்பது ஆம்பியர் குடிக்கும். சார்ஜர் கொடுப்பது பத்து. பத்தை வைத்து முப்பதை ஓட்ட முடியாது. நடுவில் பேட்டரி இருந்தே ஆக வேண்டும். பாதி வேகத்தில் ஓட்டினால் பேட்டரி நின்று தரும்.

ஃபரீதா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "வாற வாய்க்கால் சின்னன், போற வாய்க்கால் பெரிசு" என்றார். "அப்ப குளம் நிரம்பி இரிக்கிறதுதான் முக்கியம். வாய்க்கால நம்பி வயல் செய்ய ஏலா."

நான் இருபது வருடம் காயில் கட்டியவன். இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

அடுத்த நாள் முழுக்கச் சாமான் தேடி அலைந்தோம். கல்முனை பஜாரில் ஒரு வெல்டிங் கடைக்காரர், கட்டைவிரல் தடிமன் வெல்டிங் கேபிளைக் கல்யாணத்துக்கு என்றதும் வெட்டியே தந்தார். ட்ராக்டர் பேட்டரி ஒன்று தம்பிராசா தன் தமையனிடமிருந்து கொண்டுவந்தார். இன்னொன்று நசீரின் மைக் பேட்டரிகளில் நல்லது. ஒன்று மோட்டாரை ஓட்டட்டும், மற்றது அதே நேரம் சார்ஜரில் குடிக்கட்டும், இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தேன். இடையில் ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு. மாட்டிறைச்சி, பருப்பு, பொரித்த சூடை மீன், கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கோவில்பட்டியில் தயிரை ஊற்றுவோம். இங்கே வெட்டுகிறார்கள்.

மழை விடவில்லை. வெள்ளத்தில் எங்கோ கம்பம் சாய்ந்து ஊருக்கே கரண்ட் இல்லாமல் போயிருந்தது. இரண்டு பேட்டரியையும் ஜெனரேட்டரில்தான் நிரப்பினோம். அப்போதுதான் அந்த வீட்டில் பெரிய பிரச்சினை எழுந்தது. ஜெனரேட்டர் ஒன்று. கல்யாண வீட்டு விளக்குக்கும் மைக்குக்கும் அது வேண்டும். தோணிக்கும் அது வேண்டும்.

பேட்டரி இரண்டும் நிரம்பியிருந்தால் ஜெனரேட்டர் கரையிலேயே இருக்கலாம் என்று நான் மெல்லச் சொன்னேன். சொன்னேனே தவிர, பழைய பேட்டரிகளை வைத்து என் கணக்கை நம்ப எனக்கே துணிச்சல் வரவில்லை. எனக்கு நீச்சலும் தெரியாது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரன்.

"ஊருக்கெல்லாம் மைக் கட்டினவன் நான். என்ட மகள்ட கலியாணத்துல மைக் இல்லையெண்டா சனம் என்ன சொல்லும்?" என்று நசீர் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஃபரீதா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "வெளிச்சம் இல்லாம நிக்காஹ் நடக்கும். மைக் இல்லாம நடக்கும். மாப்பிள்ள இல்லாம நடக்குமா? தூக்கிட்டுப் போங்க."

உள்ளே இருந்து ரினோஸா சிரித்த சத்தம் கேட்டது. மணப்பெண்ணை அதுவரை நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டேன்.

கல்யாண நாள் காலை மழை விட்டிருந்தது. வெள்ளம் விடவில்லை. கிட்டங்கிக் கரையில் இருந்த இராணுவச் சாவடியில் ஒரு சிப்பாய் எங்கள் சாமான்களைச் சுற்றிச்சுற்றி வந்தான். பேட்டரி அக்கரைக்குப் போய்ப் போராளிகளின் கையில் சேர்ந்துவிடுமோ என்று அவனுக்குக் கவலை. நசீர் சிங்களத்தில் நீளமாகப் பேசினான். சிப்பாய் கேட்டதை நசீர் எனக்குச் சொன்னான்: "மாப்பிள்ளையைக் கூட்டிவர இவ்வளவு இரும்பா என்கிறான். அவன் ஊரில் மாப்பிள்ளை காரில் வருவாராம்."

பிறகு அவனே கையைக் கொடுத்து ஜெனரேட்டரைத் தோணியில் ஏற்றினான். போன பேட்டரி இரண்டும் திரும்பி வர வேண்டும், மாப்பிள்ளை வராவிட்டாலும், என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டான். கரையில் நசீரின் உறவுக்காரர்கள் குடைகளோடு நின்றார்கள். ஃபரீதாவும் வந்திருந்தார். கல்யாணச் சமையலைப் பாதியில் விட்டு வந்தவர்.

ஜெனரேட்டரைத் தோணியின் நடுவில் பழைய டயர் ஒன்றின்மேல் வைத்திருந்தோம், அதிராமல் இருக்க. பேட்டரிகள் முன்னால், தீப்பொறிக்கு எட்டாத தூரத்தில். தம்பிராசா கம்போடு முனையில் நின்றார். நசீர் மோட்டாரைப் பிடித்தான். கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பியதும் எழுந்த சத்தத்தில் கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. அதற்குப் பிறகு யார் வாயசைத்தாலும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

போன பயணம் நன்றாகவே இருந்தது. நடுவில் தம்பிராசா கம்பை இறக்கிக் காட்டினார். முழுக் கம்பும் உள்ளே போய் அவர் கை நனைந்தது. நிலம் இல்லை. ஆனால் தோணி நேராகப் போனது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெற்றோலைக் குடிப்பது பற்றிய பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கரையில் மாப்பிள்ளை கூட்டம். றிஸ்வான் வெள்ளை உடுப்பில், தொப்பியில், சவூதிச் செண்ட் மணக்க நின்றான். சல்ஹா அவன் கையை விடாமல் பிடித்திருந்தார். சின்ன உருவம், முக்காட்டுக்குள் இறுகிய முகம். தம்பிராசாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தச் சத்தம் எப்பவும் இரிக்குமா?" என்று சல்ஹா நசீரிடம் கத்திக் கேட்டார்.

"சத்தம் இரிக்கிற வரைக்கும் பயமில்ல ராத்தா" என்று நசீர் கத்தினான். பிறகு அவன் மிகவும் வருந்திய வாக்கியம் அது.

இரண்டு தடவையாகக் கொண்டுபோவது என்று முடிவு. முதல் தடவை மாப்பிள்ளை, தாய், பெட்டி. மற்றவர்கள் பிறகு. சல்ஹா பிஸ்மி சொல்லி ஏறி, மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாதி வழியில் ஆற்றுவாழை வந்தது. தண்ணீரில் மிதக்கும் பச்சை இலைக் கூட்டம். போகும்போது கரையோரம் கிடந்தது, காற்று மாறியதும் நடுவுக்கு வந்துவிட்டது. நசீர் சுற்றிப் போகப் பார்த்தான். தோணியின் பின்பக்கம் அதற்குள் நுழைந்தது. மோட்டார் முனகியது. நான் கையை நீட்டி நிறுத்துவதற்குள் பியூஸ் எரிந்தது. நசீர் பதறி மோட்டார்த் தண்டை மேலே தூக்க, வேரோடு சேர்ந்து வந்த தண்ணீர் மொத்தமும் ஜெனரேட்டர் மேல் கொட்டியது. அது இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது.

எவ்வளவு அமைதி. தண்ணீர் பலகையில் தட்டும் ஒலி மட்டும். தோணி மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, வாவி இருக்கும் திசைக்கு நகரத் தொடங்கியது. தம்பிராசா கம்பை ஊன்றினார். முட்டவில்லை. மறுபடி ஊன்றினார். நசீர் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான். அதற்கு உயிர் வரவில்லை. சல்ஹாவின் முகத்தை நான் பார்த்தேன். தம்பிராசா சொன்ன முகம் அதுதான் என்று தெரிந்தது.

"இலையை வெட்டணும். வெட்டினாத்தான் சுத்தும்" என்றேன். 

றிஸ்வான் எழுந்தான். கல்யாண உடுப்போடு பின்பலகையில் குப்புறப் படுத்து, நசீரின் வயர் வெட்டும் கத்தியை வாங்கிக்கொண்டு, இடுப்புவரை வெளியே தொங்கி விசிறியில் சுற்றியிருந்த வேரை அறுக்கத் தொடங்கினான். தோணி அவன் பக்கம் சாய்ந்தது. நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது சல்ஹா மகனின் இரண்டு கால்களையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெதியா வெட்டு மனே" என்றார். "நான் புடிச்சிரிக்கன். நீ வெட்டு."

அவன் வெட்டினான். நான் பியூஸ் இருந்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லாமல், நசீரின் மைக் வயரை உரித்து, செப்புக்கம்பி சில இழைகளை முறுக்கிக் கட்டினேன். தொழில் கற்றுக்கொடுத்த எவரும் மன்னிக்காத வேலை. நிரம்பிய பேட்டரியில் கேபிளை மாட்டினேன்.

"முழு வேகம் வேண்டாம். பாதிக்குக் கீழ வை" என்று நசீரிடம் சொன்னேன்.

விசிறி சுற்றியது. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று சந்தேகமாக எட்டிப் பார்த்தேன். தோணியின் பின்னால் தண்ணீர் மெல்லச் சுழித்தது. தோணி திரும்பியது. ஆற்றுவாழைக் கூட்டத்தைச் சுற்றி, நடைவேகத்தில், அது கரையைப் பார்த்துப் போனது.

 பேட்டரி எப்போது இறங்கும் என்று நான் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கோ தூரத்தில் ளுஹர் பாங்கு, மத்தியானத் தொழுகைக்கான அழைப்பு, கேட்டது. தண்ணீர்மேல் அது தெளிவாக வந்தது. சல்ஹா முக்காட்டைச் சரிசெய்து, உதடசைத்துப் பதில் சொன்னார். பிறகு மகனின் சட்டையில் ஒட்டியிருந்த வேரை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போடத் தொடங்கினார்.

கரையில் இருந்தவர்கள் எங்களை அந்தச் சத்தத்தால்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சத்தம் நின்றதும் தோணி போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஆற்றுவாழை மறைத்திருந்ததால் எங்களைப் பார்க்கவும் முடியவில்லை. நாங்கள் சத்தமின்றி அதன் பின்னாலிருந்து வெளிப்பட்டபோது ஃபரீதா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சிப்பாய் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நீந்துவதற்குத் தயாராக அவருக்குப் பக்கத்தில் நின்றான்.

 ஃபரீதா சல்ஹாவின் கையைப் பிடித்து இறக்கினார். இரண்டு பேரும் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிப்பாய் தோணிக்குள் எட்டிப் பார்த்து பேட்டரிகளைச் சரிபார்த்தான். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ சொன்னான். நசீர் மொழிபெயர்த்தான்: "காரில் வந்திருந்தால் இவ்வளவு அழுக்காகியிருக்கமாட்டாராம்."

மற்ற உறவினர்களை அழைத்துவரத் தம்பிராசாவும் நசீரும் திரும்பப் போனார்கள், ஜெனரேட்டரை இறக்கி வைத்துவிட்டு. அவர்கள் வந்துசேரும்வரை மாப்பிள்ளைக்கு நசீரின் சட்டையை மாட்டி, அது தொளதொளப்பதைப் பின்னால் ஊசி குத்திச் சரிசெய்தார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ். காயவைத்த ஜெனரேட்டர் உயிர் பிழைத்தும், மைக் கட்ட நேரம் இல்லை. மணமகன் சம்மதமாகக் "கபூல்" சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மைக் இல்லாமலும் கேட்குது மச்சான்" என்றான். அவனுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பை மௌலவியிடம் ஒப்படைத்துவிட்டு அவன் வாசலில் நின்றான்.

பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே கல்யாண வழக்கம். சஹன் என்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் தம்பிராசா. முதலில் யார் எந்தப் பக்கத்துச் சோற்றை எடுப்பது என்று தடுமாறினேன். "உங்கட பக்கத்தத் தோண்டுங்க, மத்தவன்ட வயலுக்க இறங்காதீங்க" என்று அவர் வரப்பு போட்டுக் காட்டினார். கடைசியில் இனிப்பாக வட்டிலாப்பம் வந்தபோது வரப்பு இருக்கவில்லை.

நான் கிளம்பும் நாளில்தான் சல்ஹாவும் ஊருக்குத் திரும்பினார். நானும் நசீரும் றிஸ்வானும் வழியனுப்பக் கிட்டங்கிக்குப் போனோம். வெள்ளம் அப்படியே இருந்தது. நசீர் மறுபடியும் ஜெனரேட்டரைத் தோணியில் ஏற்றப் போனான்.

"அதக் கரையில வை" என்றார் சல்ஹா. "பேட்டரி நிரப்புறதுக்கு அது இங்கயே இரிக்கட்டும். அண்டைக்கு அது நிண்ட பிறகு வந்தமே, அதுதான் நல்லா இரிந்த."

நசீர் என்னைப் பார்த்தான்.  அவன் ஜெனரேட்டரைத் திரும்பக் கரையில் வைத்தான். றிஸ்வான் தாயோடு அக்கரைவரை வருகிறேன் என்றான். "புது மாப்பிள்ள பொண்டாட்டி வீட்டுல இரி" என்று அவர் அவனைத் தடுத்துவிட்டார். தனியாக ஏறி, தம்பிராசாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பிராசா மோட்டாரைத் திறந்தார். தோணி தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. கொக்குகள் அசையவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சல்ஹாவின் குரல் கேட்டது. இந்தமுறை நெல்லுக்கு என்ன பூச்சி, தமையனின் ட்ராக்டர் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தாயா, உன் பெண்சாதிக்கு முட்டுவலி எப்படி என்று அவர் தம்பிராசாவிடம் கேட்டுக்கொண்டே போனார். தம்பிராசா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தோணி புள்ளியாகிய பிறகும் அவர்கள் பேசுவது தண்ணீர்மேல் கேட்டுக்கொண்டிருந்தது. றிஸ்வான் கடைசிச் சொல்வரை நின்று கேட்டான்.